மாங்காய் வடிவும் எழுத்து வடிவும்



பேஸ்லி எனப்படும் துணிக்கோலத்தை அடியாகக் கொண்டு, 1960களின் சைக்கடெலிக் பாணியில், கையால் வரைந்து ஓர் எழுத்துருவை உருவாக்குவது எங்ஙனம் என்பதே இன்றைய பொழிவின் பொருள். இஃது ஓவியருக்குரிய பொருளாயிற்றே, மொழியியலார்க்கு இங்கு என்ன வேலை என்று வினவலாம். ஒலியன்களை ஆராய்வோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஓர் ஒலி எந்த அளவு வரை மாறினாலும் அதே ஒலியாகக் கொள்ளப்படும்? எவ்விடத்தில் அது வேறோர் ஒலியாகிச் சொல்லின் பொருளை மாற்றிவிடும்? இக்கேள்வியை அப்படியே வரிவடிவத்திற்கும் பொருத்திக் கேட்கலாம். எழுத்தை வளைக்கிறோம், வீங்கச் செய்கிறோம், உள்ளே பூவேலை நிரப்புகிறோம். எந்த வளைவில் அது தன் அடையாளத்தை இழக்கிறது? சைக்கடெலிக் எழுத்து இந்த எல்லையின் விளிம்பிலேயே நிற்பது. ஆதலின் எழுத்தின் இயல்பை அறிய விழைவோர்க்கு அது நல்லதோர் ஆய்வுக்களம்.

ஒரு வடிவம், பல பெயர்கள்

அடி பருத்து, நுனி ஒசிந்து ஒருபுறம் சாய்ந்த அவ்வடிவை நாம் அனைவரும் அறிவோம். காஞ்சிபுரப் பட்டின் கரையிலும் முந்தானையிலும் அது மாங்காய். பொற்கொல்லரிடம் அது மாங்காய் மாலை. பஞ்சாபியரும் அதை ‘அம்பி’, அதாவது சிறு மாங்காய் என்றே அழைக்கின்றனர். பாரசீகத்தில் ‘போத்தே’, செடி, புதர் என்பது பொருள். இந்துஸ்தானியில் பெரியது ‘பூட்டா’, சிறியது ‘பூட்டி’. நம் பட்டு நெசவில் வழங்கும் ‘புட்டா’ என்னும் சொல் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பிரெஞ்சுக்காரர் அதனைப் பனையோலையாகக் கண்டு ‘பால்ம்’ என்றனர். ஆங்கிலம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்த உருவை விட்டுவிட்டு, ஸ்காட்லாந்திலுள்ள ஒரு நெசவு நகரின் பெயரை அதற்குச் சூட்டியது.

இப்பெயர்களில் வடிவத்தின் பிறப்புக்கு மிக அணுக்கமானது ‘செடி’ என்பதே. பதினேழாம் நூற்றாண்டில், முகலாயர் காலத்துக் காஷ்மீரச் சால்வைகளின் ஓரத்தில் நெய்யப்பட்டது வேரோடு நிற்கும் ஒற்றைப் பூச்செடி. பதினெட்டாம் நூற்றாண்டில் அச்செடி அடர்ந்து பூங்கொத்தாயிற்று. நுனி ஒருபுறம் சாய்ந்தது. பின்னர்ப் பூங்கொத்தைச் சுற்றி ஒரு வரைகோடு அமைந்தது. காலப்போக்கில் வரைகோடே வடிவமாக நிலைத்தது. செடி அதன் உட்பொருளாயிற்று. வெளிக்கோடு ஒன்று, அதனுள் நிரப்பிய நுண்வேலை ஒன்று என்னும் இவ்விரு அடுக்கும் பின்னர் எழுத்துருவிற்குள்ளும் வரவிருப்பதால் இதை நினைவில் கொள்வோமாக.

காஷ்மீரக் கானிச் சால்வையில் மொழியியலார் வியந்து நோக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. ஓவியர் வரைந்த கோலத்தை நெசவாளர் நேரே பார்த்து நெய்வதில்லை. ‘தாலிம்’ எனப்படும் குறியீட்டுமுறையில் அக்கோலம் வரிவரியாக எழுதப்படுகிறது. எந்த நிறம், எத்தனை இழை என்பதை அக்குறிகள் சொல்லும். ஒருவர் அதைப் படிக்க, தறியில் அமர்ந்தோர் கேட்டு நெய்வர். மாங்காய் வடிவம் துணியில் தோன்றும் முன்னரே எழுத்தாக இருந்திருக்கிறது. அதனை மீண்டும் எழுத்தாக்குவது முற்றிலும் புதிய உறவன்று.

சால்வை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் பெருமதிப்புப் பெற்றது. விலையோ மிகுதி; ஒரு சால்வையை நெய்து முடிக்க மாதங்கள், சிலவற்றிற்கு ஆண்டுகள்கூடத் தேவைப்பட்டன. ஆகவே நாரிச், எடின்பரோ ஆகிய நகரங்கள் அதைப் போலச் செய்து நெய்யத் தொடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாஸ்கோவிற்கு அருகிலுள்ள பேஸ்லி அவற்றைப் பின்தொடர்ந்து, விரைவில் முந்தியது. பின்னர் ஜக்கார்டு தறி வந்தது. காஷ்மீரத்தில் தாலிம் படிப்போர் செய்த பணியை அங்கே துளையிட்ட அட்டைகள் செய்தன. 1870களில் பெண்டிர் உடைப்பாணி மாறி, பின்புறம் புடைத்த பாவாடைகள் வழக்கிற்கு வந்ததும் பெரிய சால்வைக்கு இடமில்லாமற் போயிற்று. பேஸ்லியின் சால்வைத் தொழில் சரிந்தது.

காஷ்மீரத்து நெசவாளர்க்கு அதற்கு முன்னரே துயரம் தொடங்கிவிட்டது. 1865இல் ஸ்ரீநகரில் கடும் வரியை எதிர்த்துத் திரண்ட சால்வை நெசவாளருள் பலர் உயிரிழந்தனர். 1877இல் தொடங்கிய பஞ்சம் எஞ்சியோரையும் சிதைத்தது. வடிவம் உலகெங்கும் பரவியது. பெயர் ஒரு ஸ்காட்லாந்து நகருக்குப் போயிற்று. இன்று ஓர் எழுத்துருவிற்குப் ‘பேஸ்லி’ என்று பெயரிடும் வடிவமைப்பாளர் இவ்வரலாற்றை அறிந்து பெயரிடுதல் நன்று. பெயரை மாற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எழுத்துருவோடு வெளியிடும் குறிப்பில் காஷ்மீரத்தையும் சேர்த்து எழுத இரண்டு வரி போதும்.

சான் பிரான்சிஸ்கோ, 1966

‘சைக்கடெலிக்’ என்னும் சொல்லை 1956இல் உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியோடு நடத்திய கடிதப் போக்குவரத்தில் அது பிறந்தது. உள்ளம் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லோடு வெளிப்படை என்னும் பொருள் தரும் மற்றொன்றைச் சேர்த்து, ‘உள்ளத்தை வெளிப்படுத்துவது’ என்ற கருத்தில் அமைத்தார். மனமயக்க மருந்துகளைக் குறிக்கப் பிறந்த அச்சொல், பத்தே ஆண்டுகளில் இசைக்கும் உடைக்கும் ஓவியத்திற்கும் அடைமொழியாயிற்று. கீழைத் துணிகளின்மீது இளைஞர்க்கு ஏற்பட்ட நாட்டத்தால் பேஸ்லியும் அக்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது.

எழுத்துக்கலையில் அப்பாணியை வகுத்தவர்களுள் முதன்மையானவர் வெஸ் வில்சன். சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் பில் கிரஹாம் நடத்திய இசை நிகழ்ச்சிகளுக்கு அவர் சுவரொட்டிகள் வரைந்தார். 1965இன் இறுதியில் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜெர்மானியச் சுவரொட்டிகள் பற்றிய கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதன் வழியாக, வியன்னாவின் ஆல்ஃப்ரெட் ரோலர் 1902, 1903ஆம் ஆண்டுகளில் வரைந்த எழுத்துகள் வில்சனின் பார்வைக்கு வந்தன. ரோலரின் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தை முழுமையாக அடைத்து நிற்கும். எழுத்தின் உள்வெளி சிறு கீற்றாகச் சுருங்கியிருக்கும். வில்சன் அக்கட்டத்தை நெகிழச் செய்தார். 1966 ஜூலையில் அவர் வரைந்த ஒரு சுவரொட்டியில் பச்சைப் பின்னணியில் சிவந்த எழுத்துகள் ஒன்றுசேர்ந்து தீக்கொழுந்தாக எழுகின்றன. தொலைவிலிருந்து நோக்குவோர் முதலில் காண்பது தீ. அருகில் சென்று நின்ற பிறகே சொற்கள் புலப்படும்.

அவரோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கவர் விக்டர் மோஸ்கோசோ. யேல் பல்கலைக்கழகத்தில் நிறக் கோட்பாட்டறிஞர் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் பயின்றவர். ஒத்த ஒளிர்வுடைய எதிர்நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் விளிம்பு அதிர்வதுபோல் தோன்றும். கல்லூரியில் தவிர்க்கக் கற்ற இவ்வதிர்வையே அவர் கருவியாக்கினார். சுவரொட்டி உடனே படிக்கும்படி இருக்க வேண்டும் என்ற விதியையும் தலைகீழாக்கி, படிக்க நெடுநேரம் ஆகும்படி வரைந்தார். அவ்வாறு நின்று படிக்க மனமுள்ளோரே அந்நிகழ்ச்சிக்கு வர வேண்டியவர்கள் என்பது அச்சுவரொட்டிகளின் உட்கிடை.

நம் முன்னோர்க்கும் இவ்வகை வாசிப்பு அயலன்று. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சொற்களுக்கிடையே வெளியும் இல்லை. இடம் நோக்கி, யாப்பு நோக்கி, பொருள் நோக்கிப் படித்தனர். மெல்லப் படித்தல் ஒரு பயிற்சியாக இருந்தது. எனினும் மருந்துச் சீட்டையும் பேருந்துப் பலகையையும் எவரும் அவ்வாறு படிக்க முடியாது. எழுத்து எந்த வேகத்தில் படிக்கப்படப் போகிறது என்பதை முடிவு செய்துகொண்ட பின்னரே தூரிகையை எடுக்க வேண்டும்.

வரைந்த எழுத்தும் எழுத்துருவும்

வில்சனும் மோஸ்கோசோவும் வரைந்தவை எழுத்துருக்கள் அல்ல என்பதை இங்குத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு சுவரொட்டியில் ஒரே எழுத்து மூன்று முறை வந்தால் மூன்று விதமாக வரையலாம். அண்டை எழுத்து எங்கே குழிகிறதோ அங்கே இது புடைக்கலாம். எழுத்துருவிலோ, எழுத்து தன் அண்டை யார் என்று அறியாமலேயே வடிவம் பெற வேண்டும். எந்த எழுத்தின் அருகில் வந்தாலும் பொருந்த வேண்டும். கையால் வரைந்த சைக்கடெலிக் எழுத்துரு என்னும் தொடரிலேயே இம்முரண் அடங்கியுள்ளது.

பேஸ்லி இதனை மேலும் கடினமாக்குகிறது. வட்டத்திற்குத் திசையில்லை, மாங்காய்க்கு உண்டு. நுனி இடப்புறம் சாய்ந்தால் ஓர் ஓட்டம், வலப்புறம் சாய்ந்தால் மற்றோர் ஓட்டம். எனவே முதற்பணி, எலும்புக்கூடு எனத்தக்க எளிய எழுத்துவரிசை ஒன்றைத் தேர்ந்து, மாங்காயின் உறுப்புகளை அதன்மேல் எங்கெங்கே அமர்த்துவது என்று வகுப்பதாகும். உறுப்புகள் நான்கு: பருத்த வயிறு, ஒசிந்த நுனி, உள்ளே அடுக்கடுக்காக அமையும் வரைகோடுகள், வெளியே வரிசையாகச் சூழும் மணிகள். உரோமன் எழுத்தில் வயிறுடைய எழுத்துகளில் மாங்காய் எளிதில் அமரும். நேர்கோட்டு எழுத்துகளே தொல்லை தருவன. அங்குக் கோட்டின் ஒரு முனையைத் தடிக்கச் செய்து, மறுமுனையை மெலிவித்து வளைப்பது வழக்கம். பாம்புபோல் இருபுறம் வளையும் ‘எஸ்’ எழுத்தில் இரண்டு மாங்காய்கள் தலைமாறிப் படுத்திருக்கும்படி செய்யலாம்.

இனி எச்சரிக்கைக்குரிய இடங்கள். உரோமன் ‘ஓ’வையும் ‘கியூ’வையும் பிரிப்பது ஒரு சிறு வால் மட்டுமே. ‘ஓ’வை மாங்காயாக்கி அதன் நுனியைக் கீழே இறக்கினால் அது ‘கியூ’ ஆகிவிடும். ஆகவே ‘ஓ’வின் நுனி மேல்நோக்கியே இருக்க வேண்டும். ‘சி’ எழுத்தின் கீழ்முனையை உள்நோக்கிச் சுருட்டினால் ‘ஜி’ என்று தோன்றும். சிற்றெழுத்துகளில் ஒரு வயிறும் ஒரு கோலும் மட்டுமே கொண்ட நான்கு எழுத்துகள் உள்ளன. கோல் மேலா கீழா, இடமா வலமா என்பதே வேறுபாடு. அந்நான்கிற்கும் மேலும் ஒரு நுனியைக் கொடுத்தால் அந்நுனி இரண்டாவது கோலாக மயங்கக்கூடும். சைக்கடெலிக் சுவரொட்டிகள் பெரும்பாலும் பெரிய எழுத்துகளையே கையாண்டதற்கு, அவை ஒரே உயரமுடையனவாய்க் கட்டத்தை நன்கு நிரப்பும் என்பதோடு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

வரையும் முறை பெரும்பாலும் பின்வருமாறு அமையும். எழுத்தைப் பெரிய அளவில் பென்சிலால் வரைந்து, மையிட்டு, வருடியில் எடுத்து, கணினியில் வளைகோடுகளாக மாற்றுவர். கைநடுக்கத்தால் வந்த சிறு ஏற்றத்தாழ்வுகளை எல்லாம் மழித்துவிட்டால் கையால் வரைந்த தன்மையே போய்விடும். அனைத்தையும் விட்டுவைத்தால் கோப்பு கனத்து, அச்சில் விளிம்பு அழுக்காகத் தோன்றும். உள்வரிகளின் தடிப்பும் முக்கியம். கையகல எழுத்தில் அழகாகத் தோன்றும் நான்கு உள்வரிகள், விரலகல எழுத்தில் மை பரவி ஒன்றாகிவிடும். ஆகவே உள்வேலை நிறைந்த வடிவம் ஒன்று, உள்வேலை குறைந்த வடிவம் ஒன்று என இரண்டாகச் செய்தல் நல்ல வழக்கம். மேலும், இக்கால ஓப்பன்டைப் நுட்பத்தில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்றுவடிவங்களை வைத்து, அண்டை எழுத்தை நோக்கித் தானாக மாறும்படி அமைக்கலாம். முன்னர்ச் சொன்ன முரணுக்கு ஓரளவு தீர்வு இதுவே.

மொழியியலார் இதனை உடனே இனங்காண்பர். ஓர் ஒலியன் சூழலுக்கேற்ப மாற்றொலிகளாக வருவது போன்றதே ஓர் எழுத்து சூழலுக்கேற்ப மாற்றுவடிவங்களாக வருவது. தமிழில் ககரம் சொல்முதலில் ஒரு விதமாகவும், மெல்லினத்தின் பின் ஒரு விதமாகவும் ஒலித்தாலும் நமக்கு அது ககரமே. மாற்றங்கள் பொருளை வேறுபடுத்தாத வரை எத்தனையும் இருக்கலாம்.

தமிழுக்கு வந்தால்

நம் எழுத்து இயல்பாகவே வளைந்தது. ஆதலின் மாங்காய் வடிவம் தமிழுக்கு எளிதில் ஒத்துவரும் என்று இளையோர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. தமிழில் வளைவும் சுழியும் அழகுக்கு மட்டும் உரியன அல்ல. அவை பொருளைச் சுமப்பன. ‘மின்’ என்பதன் மேல்விசிறியின் முனையை அழகுக்காகச் சுருட்டினால் ‘மீன்’ ஆகிறது. ‘கொடு’ என்பதன் கொம்பில் ஒரு சுழி கூடினால் ‘கோடு’. ‘எடு’ என்பதன் காலைக் கீழே சாய்த்து இழுத்தால் ‘ஏடு’. ‘பொய்’ என்பது ‘போய்’ என்றாகிவிடும். ‘மனம்’ என்பதில் ஒரு சுழி மிகுந்தால் ‘மணம்’. குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்தும் இச்சிறு சுழிப்புகளின் பின்னே நீண்ட வரலாறு உள்ளது. தொல்காப்பியம் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வகுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிவடிவம் தந்தார் என்பது மரபு. நூற்றாண்டுகளாக அறிஞர் வருந்தி ஏற்படுத்திய வேறுபாட்டை ஒரு பூவேலை ஒரே நொடியில் அழித்துவிடக்கூடும்.

இதற்காகத் தமிழில் இம்முயற்சியே கூடாது என்போமா? கூடாது என்பது எமது கருத்தன்று. எங்கே வரையலாம், எங்கே வரையலாகாது என்று வகுத்துக்கொண்டால் போதும். எழுத்தின் முனைகளையும் வெளிச்சுழிகளையும் இலக்கணத்திற்கு விட்டுவிட வேண்டும். தடித்த உடற்பகுதியின் உள்ளிடம் முழுவதும் ஓவியருக்கு உரியது. காஷ்மீரச் சால்வையின் வெளிக்கோடும் உட்பூவும் போல, வெளிக்கோடு எழுத்தைச் சொல்லட்டும், உள்ளே பூக்கட்டும். பேஸ்லியைச் சூழும் வெளிமணிகளைத் தமிழில் அறவே தவிர்க்க வேண்டும். எழுத்தின் தலைமேல் அமரும் மணி புள்ளியாகி, உயிர்மெய்யை மெய்யாக்கிவிடும். துணைக்காலுக்கும் ரகரத்திற்கும் உள்ள வேறுபாடு ரகரத்தின் கீழ்ச்சாய்வில் இருப்பதால், துணைக்காலுக்கு அடியில் வளைவு கூடாது.

மற்றொரு செய்தி எண்ணிக்கை பற்றியது. உரோமனில் பெரிய எழுத்துகள் 26ஐயும் எண்களையும் வரைந்தால் ஒரு சுவரொட்டி எழுத்துரு அமைந்துவிடும். தமிழில் உகர ஊகார உயிர்மெய்கள் மட்டுமே 36. அவற்றில் உயிர்க்குறி மெய்யோடு இணையும் முறை எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. 1978ஆம் ஆண்டுத் தமிழக அரசின் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் பழைய வடிவை மாற்றியபோதும் இவற்றைத் தொடவில்லை. எனவே தமிழ் எழுத்துருவின் உழைப்பு பன்மடங்கு. இவ்வுழைப்புக்கு உரிய ஊதியம் கிடைக்காமையே நமக்கு அழகெழுத்துருக்கள் குறைவாக இருப்பதற்குப் பெருங்காரணம்.

அக்குறைவின் விளைவை நாம் வாழும் நாடுகளில் அன்றாடம் காண்கிறோம். நான்கு மொழிகளில் அச்சிடப்படும் ஓர் அறிவிப்பில் மற்ற மொழிகள் தத்தம் கோலத்தோடு ஒளிர, தமிழ் மட்டும் அலுவலகக் கடிதத்தின் எழுத்தில் ஓரத்தில் நிற்கிறது. சில வேளைகளில் கொம்பு மெய்க்குப் பின்னே போய், புள்ளி தனியே மிதந்து, படிக்கவே இயலாத நிலையும் உண்டு. முதலாவது வறுமை, இரண்டாவது பிழை. பிழையைச் சுட்டிக் கடிதம் எழுதும் நாம் வறுமையைப் பற்றிப் பேசுவதில்லை. தமிழை வகுப்பறையிலும் கோயில் அறிவிப்பிலும் மட்டுமே காணும் பிள்ளை, இசை நிகழ்ச்சியின் சுவரொட்டியில் அதைக் காணும்போது, தன் மொழிக்கு அங்கும் இடமுண்டு என்று சொல்லாமலே அறிந்துகொள்ளும். பார்த்துக்கொண்டிருக்க விரும்பும் எழுத்தைத்தான் எவரும் படிக்கத் தொடங்குவர்.

ஆகவே இம்மன்றத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். உரோமன் எழுத்துரு வரைவோர், எழுத்தின் பல்வேறு உறுப்புகளையும் ஒருங்கே காட்டும் ‘ஹாம்பர்கெஃபான்ஸ்டிவ்’ என்னும் பொருளற்ற சொல்லை எழுதிச் சோதிப்பர். தமிழுக்கு அத்தகைய ஒற்றைச் சொல் போதாது. மின்–மீன், கொடு–கோடு, எடு–ஏடு, பொய்–போய், மனம்–மணம் போன்ற வேறுபாட்டிணைகளின் பட்டியல் ஒன்று வேண்டும். அறுபது எழுபது இணைகள் போதும். தமிழாசிரியர்கள் ஒரு பிற்பகலில் தொகுத்துவிடலாம். புதிய எழுத்துரு ஒன்றை அப்பட்டியலில் அச்சிட்டு, பத்து வயதுப் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுப்போம். அவர்கள் தடுமாறும் இடம் வடிவமைப்பாளர் திருத்த வேண்டிய இடம். அவர்கள் தடுமாறாத இடத்தில், எமக்கு எவ்வளவு விந்தையாகத் தோன்றினாலும், ஓவியரின் கையைப் பிடிக்க எமக்கு உரிமை இல்லை.

வடிவமைப்பு பயிலும் மாணவர் சிலர் இவ்வவையில் இருக்கின்றனர். பொழிவு முடிந்ததும் அவர்கள் இங்குள்ள ஆசிரியர்களோடு அமர்ந்து, அப்பட்டியலின் முதல் பத்து இணைகளையேனும் இன்றே எழுதிக்கொண்டு செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வரைவது அவர்கள் பணி. படித்துப் பார்த்துச் சொல்வது நம் பணி.